கோயிலும் மலையும்: இந்தியா கிளம்பும் முன் சிங்கப்பூர் நண்பர்கள் கேட்கும் கேள்விகள்

ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தியாவுக்குப் போய், பழைய கோயில் ஒன்றையும் மலை ஒன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வருவது எங்கள் குடும்பத்தின் வழக்கம். அது தெரிந்தவர்கள், தாங்கள் கிளம்பும் முன் என்னைத் தேக்காவுக்குக் கூப்பிட்டு, ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, கேள்விகளை அடுக்குவார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணே, ஒரு வாரம்தான் லீவு. எத்தனை கோயில் பார்க்கலாம்?

மூன்று. சொன்னதும் எல்லோருக்கும் முகம் வாடிவிடுகிறது. நாலு மணி நேரம் விமானத்தில் போய் மூன்றுதானா என்று கேட்பார்கள்.

எங்கள் முதல் பயணத்தில் வேன் பிடித்து ஆறு நாளில் 22 கோயில்கள் போனோம். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தபோது, ஒரு தூணில் யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டை. எந்தக் கோயில் என்று எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தத் தூணைச் செய்தவர் அதற்கு எத்தனை மாதம் கொடுத்திருப்பார்! நாங்கள் கொடுத்தது அரை நிமிடம். அது எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு ஒரே விதி வைத்துக்கொண்டோம்: போகிற கோயிலுக்கு இரண்டு முறை போக வேண்டும், காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. காலை வெயிலில் கிழக்குச் சுவர்ச் சிற்பங்கள் துலங்கும், மாலையில் மேற்குச் சுவர். காலையில் பார்த்த அதே துவாரபாலகரை மாலையில் பார்த்தால் வேறு ஆள் போலத் தெரிவார். இன்னொரு சௌகரியம், இந்திய நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். அங்கே விடியற்காலை 5 மணி என்றால் நம் உடம்புக்கு ஏழரை. அலாரம் இல்லாமலே விழிப்பு வந்துவிடும். முதல் நடை திறப்புக்குப் போய் நிற்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

எந்த மாதம் போகலாம்? பிள்ளைகளுக்கு ஜூனிலும் டிசம்பரிலும்தான் பள்ளி விடுமுறை.

சிக்கலே அங்கேதான். ஜூனில் தமிழ்நாட்டுச் சமவெளியில் வெயில் இன்னும் தணிந்திருக்காது. கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் பத்து மணிக்கு மேல் வெறுங்காலோடு நடக்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை இறங்கியிருக்கும், அட்டைப்பூச்சி காலில் ஏறும். நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கம் என்றால் வடகிழக்குப் பருவமழை. டெல்டாப் பக்கம் புயல் வந்தால் இரண்டு நாள் விடுதி அறைக்குள்ளேயே போய்விடும்.

அதனால் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: டிசம்பர் விடுமுறை என்றால் பாதாமி, ஹம்பி, எல்லோரா பக்கம் போங்கள், வானம் தெளிவாக இருக்கும். தமிழ்நாடுதான் வேண்டும் என்றால் டிசம்பர் பாதிக்கு மேல் போங்கள். மார்கழி பிறந்திருக்கும். இருட்டில் கோயில் திறந்து, திருப்பாவை கேட்டு, தெருவெல்லாம் கோலம் போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே விடுதிக்கு நடந்து வரலாம். பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்களுக்குக் கேள்வியே வேண்டாம், ஜனவரி, பிப்ரவரிதான். சீனப் புத்தாண்டு விடுமுறையோடு நாலைந்து நாள் லீவு சேர்த்தால் போதும். தைப்பூசத்தை ஒட்டிப் பழநிக்கு மட்டும், திருவிழாவுக்காகவே போகிறீர்கள் என்றால் தவிர, போக வேண்டாம்.

விசா, நுழைவுக் கட்டணம் எல்லாம் எப்படி?

சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு இந்திய விசா கட்டாயம். இணையத்தில் இ-விசா எடுக்கலாம். 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என்று இருக்கிறது. அரசாங்கத் தளம் போலவே தோற்றம் காட்டும் தரகர் தளங்கள் நிறைய உண்டு, முகவரியைப் பார்த்து உள்ளே போங்கள். மாமல்லபுரம் போலத் தொல்லியல் துறை சீட்டு போடும் இடங்களில் வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், இந்தியருக்கு 40. ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தால் இந்தியர் கட்டணமே. மறக்காமல் அசல் அட்டையை எடுத்துப் போங்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சீட்டே கிடையாது.

முதல் தடவை போகிறோம். எங்கே ஆரம்பிப்பது?

திருச்சி. நேரடி விமானம் இருக்கிறது, இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் நார்த்தாமலை. அதிகம் பேர் போகாத இடம். எனக்குத் தெரிந்து கோயிலையும் மலையேற்றத்தையும் ஒரே காலையில் பழகிக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

புதுக்கோட்டைப் பக்கம் வெட்டவெளியில் மொட்டைப் பாறைக் குன்றுகள் படுத்துக் கிடக்கும். அதில் மேலமலை என்ற குன்றில் படி எல்லாம் பெரிதாகக் கிடையாது, பாறைச் சரிவிலேயே நடந்து ஏற வேண்டும். மேலே போனால் விஜயாலய சோழீச்சரம். பேர் சோழன் பேர். ஆனால் முத்தரையர் தலைவர் ஒருவர் கட்டியது, மழையில் சிதைந்தபோது இன்னொருவர் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. உள்ளே கருவறை வட்டமாக இருக்கும். நம் ஊர்க் கோயில்களில் சதுரக் கருவறையே பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஒரு வியப்பு. எதிரே பாறையைக் குடைந்த குகையில் ஆளுயரத்துக்கு மேல் பன்னிரண்டு திருமால் சிற்பங்கள் வரிசையாக நிற்கும்.

நாங்கள் போன அன்று ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி மட்டும்தான் மேலே இருந்தார். காலை ஏழு மணிக்குக் கல் குளுகுளுவென்று இருந்தது. ஒன்பதரைக்கு இறங்கும்போது உள்ளங்கால் பொசுங்கத் தொடங்கிவிட்டது. பாட்டிதான், "வெள்ளைப் பாறையில கால வைங்க தம்பி, கறுப்புதான் சுடும்" என்றார். அவர் சொன்னபடி நிறம் பார்த்து மிதித்து இறங்கினோம். இன்றைக்கும் எந்தப் பாறையிலும் எனக்கு அதுதான் வழிகாட்டி.

அங்கிருந்து தஞ்சாவூர். இரண்டு இரவாவது தங்குங்கள். நாள் மிச்சமிருந்தால் தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும்.

பெரிய கோயிலை எல்லோரும் படத்தில் பார்த்ததுதானே. நேரில் என்ன பார்ப்பது?

எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான், 1010-ல், கிரேன் இல்லாத காலத்தில், நம் இருபது மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் உயரத்துக்குக் கல்லை அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல் என்று வழிகாட்டிகள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். சாயங்காலம் போய் நின்றால் நிழல் நன்றாகவே விழுவதைப் பார்க்கலாம். உச்சிக் கல்லும் பல துண்டுகளைச் சேர்த்தது என்பதே ஆய்ந்தவர்கள் சொல்வது. கட்டியவர்களின் திறமைக்கு இந்தக் கதைகள் தேவையே இல்லை.

நான் சொல்வது, குனிந்து பாருங்கள். விமானத்தின் (கருவறை மேல் எழும் கோபுரம்) அடித்தளம் முழுக்க எழுத்து. கோயிலுக்கு ராஜராஜன் என்ன கொடுத்தான், அவன் அக்கா குந்தவை என்ன கொடுத்தாள், விளக்குக்கு நெய் கொடுக்க யாரிடம் எத்தனை ஆடு விடப்பட்டது என்று எல்லாம் கல்லில் இருக்கிறது. கோயில் பணிக்கு அழைத்து வரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல்மகளிர்) கணக்கும் இந்தக் கோயில் கல்வெட்டுகளில் உண்டு. ஒவ்வொரு பெண்ணின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், இப்போது எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு, எல்லாம் வரிசையாக. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நாம் புளோக் நம்பரும் மாடி நம்பரும் சொல்கிறோமே, அதே போல ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு ஆடல்மகளின் முகவரி. அதைக் கையால் தொடுகிற தூரத்தில் நின்று பார்க்கும்போது மனம் நிறைந்துவிடுகிறது. (தொடாதீர்கள். விரல் எண்ணெய் எழுத்தைத் தின்றுவிடும்.)

நமக்கென்று இன்னொன்றும் அங்கே இருக்கிறது. ராஜேந்திர சோழன் 1025-ல் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை வென்ற செய்தி இதே கோயிலில் கல்வெட்டாக இருக்கிறது. கடாரம் என்பது இன்றைய கெடா, வடக்கு மலேசியா. இந்தக் கடலையும் நம் வட்டாரத்து ஊர்களையும் தஞ்சையில் ஒரு கல்தச்சர் உளி பிடித்துச் செதுக்கியிருக்கிறார் என்பதைச் சிங்கப்பூர்த் தமிழர் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்பேன்.

பிள்ளைகளுக்குக் கோயில் என்றாலே போரடிக்கிறது என்கிறார்கள்.

என் மகள் தொடக்கநிலை ஐந்து படிக்கும்போது அதையேதான் சொன்னாள். தஞ்சையில் அவள் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, "இந்தச் சுவரில் உனக்குத் தெரிந்த எழுத்து எத்தனை இருக்கிறது, கண்டுபிடி" என்றேன். முதலில் "ப" கிடைத்தது. அப்புறம் "ட". சோழர் கால எழுத்தில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், அதனால் "ப" என்பதா "ப்" என்பதா என்று அவளே யோசிக்க வேண்டியதாயிற்று. முக்கால் மணி நேரம் சுவரை விட்டு நகரவில்லை. வகுப்பில் தமிழ் என்றால் தேர்வு மட்டும்தான் என்று நினைத்திருந்த பிள்ளை அவள்.

மலையிலும் அப்படித்தான். "உச்சி வரை நட" என்றால் அழுவார்கள். தண்ணீர்ப் புட்டியைச் சுமக்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

நடை சாத்தும் நேரம், உடை, கைப்பேசி: எதில் கவனமாக இருக்க வேண்டும்?

தமிழ்நாட்டுப் பெரிய கோயில்கள் பொதுவாக மதியம் 12 அல்லது 12.30-க்கு நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தில் சாப்பிட்டு ஒரு தூக்கம் போடுங்கள். வேனில் ஏறி அடுத்த ஊர் போகாதீர்கள். வேட்டி, சேலை, சுடிதார் எதுவானாலும் சரி, அரைக்கால்சட்டை வேண்டாம். திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயிலில் ஆண்கள் வேட்டி கட்டி, மேல்சட்டை இல்லாமல்தான் போக முடியும். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மதுரை போன்ற இடங்களில் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கொடுத்துவிட்டுப் போங்கள். படம் எடுக்கிற கவலை இல்லாமல் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றுவது தனி நிம்மதி.

வாராவாரம் புக்கிட் தீமா ஏறுகிறேன். அது போதாதா?

பழக்கத்துக்கு நல்லது. போதாது. புக்கிட் தீமா 164 மீட்டர். கௌரிகுண்டத்திலிருந்து கேதார்நாத் போக ஏறத்தாழ 1,600 மீட்டர் ஏற வேண்டும். அதாவது ஒரே நடையில் பத்து புக்கிட் தீமா, அதுவும் காற்றில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும் உயரத்தில்.

நான் செய்வதைச் சொல்கிறேன். கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பிருந்து, எங்கள் 25 மாடி புளோக்கில் மின்தூக்கியில் இறங்கி, படியில் ஏறுவேன். முதல் வாரம் மூன்று முறை. மெல்ல மெல்லக் கூட்டிப் பத்து முறை வரை. முதுகில் ஆறு கிலோ அரிசிப் பை. பிறகு சனிக்கிழமை மெக்ரிட்சியில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடை. மூன்றாவது மாதத்தில் படியில் இறங்கவும் பழக வேண்டும். மலையில் மூச்சு வாங்குவது ஏறும்போது, முழங்கால் போவது இறங்கும்போது. நம் ஆட்கள் பலர் உச்சியில் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டு, இறக்கத்தில் இரண்டு பேர் தோளில் கை போட்டு வந்திருக்கிறார்கள். புதுச் சப்பாத்தை அங்கே போய் முதல் முறை போடவே போடாதீர்கள்.

வெள்ளியங்கிரி எப்படி இருக்கும்?

கோயம்புத்தூருக்கு மேற்கே பூண்டி அடிவாரம். அங்கிருந்து ஏழு மலை தாண்டினால், உச்சியில் பாறை இடுக்கில் சுயம்பு லிங்கம். ஒரு வழிக்கு ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் அந்த ஆறைத் தரையில் நடக்கும் ஆறாக எண்ண வேண்டாம். பிப்ரவரியிலிருந்து மே வரைதான் வனத்துறை விடுகிறது. வெயிலுக்குப் பயந்து பெரும்பாலோர் இரவில் ஏறுவார்கள்.

அடிவாரத்தில் மூங்கில் தடி விற்பார்கள். வாங்குங்கள், அது மூன்றாவது கால். முதல் மலையின் கல்படிகள்தான் பலரை முறிக்கும். படி உயரம் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. நாங்கள் இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கினோம். முன்னும் பின்னும் தலைவிளக்குகள், இருட்டில் தடிகள் கல்லில் தட்டும் டொக் டொக் சத்தம், யாராவது ஒருவர் சிவ சிவா என்று ஆரம்பித்தால் மலை முழுக்க ஒலி. நம் ஊர்த் தைப்பூசக் காவடி ஊர்வலத்தில் நடந்தவர்களுக்கு அந்தத் தாளம் கொஞ்சம் பிடிபடும். ஆறாவது மலையில் ஆண்டி சுனை. அந்தத் தண்ணீரில் கை வைத்தபோது விரல் மரத்துப்போனது. அதில் குளித்துவிட்டு ஏழாவது மலை ஏறுகிறவர்களைப் பார்த்துக் கைகூப்பத்தான் தோன்றியது. காற்று கடுமையாக அடிக்கும், கம்பளிச் சட்டை கட்டாயம்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். இதயக் கோளாறு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே சொல்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் மேலே மூச்சுத் திணறியும் மாரடைத்தும் இறப்பவர்கள் இருக்கிறார்கள், இளைஞர்களும் உண்டு. நெஞ்சில் பாரம் தெரிந்தால் நாலாவது மலையாக இருந்தாலும் திரும்புங்கள். சாமி அடுத்த ஆண்டும் அங்கேதான் இருப்பார்.

பெண்கள் ஏறலாமா?

வெள்ளியங்கிரியில் பருவ வயதுப் பெண்களை ஏற விடாத வழக்கம் இருந்து வருகிறது. என் மனைவிக்கு அது வருத்தம்தான், எனக்கும். ஆனால் வேறு மலைகள் இருக்கின்றன. திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலைக்கு நாங்கள் இருவரும் போனோம். கடைசிப் பகுதியில் பாறையில் கடப்பாரை அடித்துச் சங்கிலி கோத்திருப்பார்கள், இரும்பு ஏணியும் உண்டு. உயரம் என்றால் தலை சுற்றுகிறவர்களுக்கு அது சரிப்படாது. மேலே மல்லிகார்சுனருக்கு நாமே பூப்போட்டு வழிபடலாம். கேரள எல்லையில் அகத்தியர் மலை 1,860 மீட்டருக்கு மேல். நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2019 ஜனவரியிலிருந்து பெண்களும் உச்சிக்குப் போகிறார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரங்கள்தான் பருவம், கேரள வனத்துறையில் முன்பதிவு செய்ய வேண்டும், சட்டென்று தீர்ந்துவிடும்.

காட்டுக்குள் போக அனுமதி வேண்டுமா? உள்ளூர் ஆள் ஒருவர் கூட்டிப் போகிறேன் என்கிறாரே?

அனுமதி இல்லாமல் போகவே போகாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் வயதினர். போதைப்புல் என்று அங்கே சொல்லும் மலைப்புல் காய்ந்து பற்றினால் காற்றோடு ஓடிவரும், மனிதன் ஓடித் தப்ப முடியாது. கோடையில் வனத்துறை பாதைகளை மூடுவது அதனால்தான்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூட வருவார்கள், பெரும்பாலும் அந்த மலைக் கிராமத்துப் பிள்ளைகளே. எந்த மரத்தடியில் யானை நின்றது என்று சாணத்தைப் பார்த்தே சொல்வார்கள். சதுரகிரி போன்ற கோயில் மலைகளுக்கு எந்த நாளில் விடுவார்கள் என்பது மாறிக்கொண்டே இருக்கும், மழை பெய்தால் உடனே மூடிவிடுவார்கள். முதல் நாள் விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிடக் கூடாது. சாட்டிலைட் போன், சாட்டிலைட் வழி செய்தி அனுப்பும் சிறு கருவி எதையும் அனுமதியின்றி இந்தியாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். நியூசிலாந்து, நேப்பாளம் மலைகளுக்கு எடுத்துப் போகிறோமே என்று பையில் போட்டுவிடுவோம். அங்கே அது குற்றம், விமான நிலையத்திலேயே பிடிபட்ட வெளிநாட்டவர்கள் உண்டு.

தமிழ்நாட்டுக்கு வெளியே ஒரே ஓர் இடம் என்றால்?

பாதாமி. பெங்களூருவிலிருந்து இரவு ரயில். சிவந்த மணற்பாறைக் குன்றுகள், நடுவே அகத்தியர் பெயரில் ஏரி, பாறையில் குடைந்த கோயில்கள். ஏரிக்கரையிலிருந்து குன்று வெடிப்புகளுக்குள் படியேறி மேல் சிவாலயம் வரை போகலாம், ஒரு மணி நேர ஏற்றம்தான். நம் பழைய வாதாபி இதுதான். 642-ல் பல்லவன் நரசிம்மவர்மன் இதைப் பிடித்தபோது பொறித்த கல்வெட்டு இங்கே பாறையில் இருக்கிறது. நூறு ஆண்டு கழித்துச் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். கைலாசநாதர் கோயிலைப் பார்த்து மனம் மாறி, அதன் செல்வத்தை அதற்கே திருப்பிக் கொடுத்தான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு காஞ்சியில் இருக்கிறது! அந்த வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமாதேவி கட்டிய கோயில் பாதாமியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் பட்டடக்கல்லில் நிற்கிறது. காஞ்சியை முதலில் பார்த்துவிட்டு அங்கே போனால் விமானத்தின் அமைப்பில் உறவு தெரியும். எதிரிகள் ஒருவர் கலையை ஒருவர் இப்படி மதித்திருக்கிறார்கள்.

ஹம்பியும் அங்கிருந்து பக்கம். மாதங்க மலையில் சூரிய உதயத்துக்கு ஏறுங்கள், கைவிளக்கோடு. எல்லோரா கைலாசநாதருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அஜந்தாவுக்குத் திங்கட்கிழமை.

சாப்பாடு, தண்ணீர்?

சூடாக இருப்பதைச் சாப்பிடுங்கள், மூடி உடையாத தண்ணீர் குடியுங்கள், கோயில் பிரசாதத்தைத் தைரியமாக வாங்குங்கள். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி பற்றி இங்கேயே மருத்துவரிடம் ஒரு மாதம் முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். மலையில் பிளாஸ்டிக் போடாதீர்கள். பிஸ்கட் உறையை நம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

கேதார்நாத் போக ஆசை. கடல் மட்டத்திலேயே வாழ்கிற நம்மால் முடியுமா?

முடியும், அவசரப்படாவிட்டால். கோயில் 3,583 மீட்டரில் இருக்கிறது. கௌரிகுண்டத்திலிருந்து 16 கிலோமீட்டர் நடை. 2013 வெள்ளத்துக்குப் பின் பழைய பாதை மாறியது. அந்த வெள்ளத்தில் கோயிலின் பின்னால் வந்து நின்று தண்ணீரைப் பிரித்த பெரும்பாறையை இப்போது பீம சிலா (பீமன் பாறை) என்று கும்பிடுகிறார்கள். ஏப்ரல் கடைசி அல்லது மே மாதம் நடை திறந்து, தீபாவளி முடிந்து இரண்டாம் நாள் சாத்துவார்கள். முன்பதிவு கட்டாயம். ஜூலை, ஆகஸ்டில் மலைச்சரிவு ஆபத்து. செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் நல்ல காலம்.

சிங்கப்பூரில் இரவு கிளம்பி, மறுநாள் டேராடூன், அதற்கு மறுநாள் மேலே என்று திட்டம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 2,500 மீட்டருக்கு மேல் உயரநோய் யாருக்கும் வரலாம், உடற்பயிற்சி செய்பவர்களுக்கும்தான். குப்தகாசியில் ஒரு இரவு, சோன்பிரயாகையில் ஒரு இரவு தங்கிப் போங்கள். தலைவலி, குமட்டல் வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடு இரவானாலும் கீழே இறக்க வேண்டும். இறங்குவதுதான் மருந்து. உயரநோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை பற்றி இங்கே மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இவ்வளவு நடக்க முடியாதவர்களுக்குத் துங்கநாத். கேதாரத்தைவிட உயரம், 3,680 மீட்டர், ஆனால் சோப்தாவிலிருந்து நாலு கிலோமீட்டருக்குள் கல் பாவிய பாதை. மெதுவாக நடந்தால் அரை நாள்.

அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. அவரை விட்டுவிட்டுப் போக மனமில்லை.

விடாதீர்கள். பழநியில் இழுவை ரயிலும் ரோப்காரும் இருக்கின்றன. சோளிங்கர் நரசிம்மர் மலைக்கும் இப்போது ரோப்கார் உண்டு. திருத்தணி உச்சி வரை கார் போகும். சுவாமிமலைக்கு 60 படிதான், தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயரில். ஆண்டுக்கு ஒரு படி என்று எண்ணி, தாம் பிறந்த ஆண்டு வந்ததும் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

என் அம்மாவின் ஆசை கேதாரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அல்லவா, திருமுறை வகுப்பில் அந்தப் பதிகத்தைப் பாடிப் பாடி, ஒரு நாள் நேரில் போக வேண்டும் என்பார். முழங்கால் விடவில்லை. மருத்துவரும் வேண்டாம் என்றார். சம்பந்தர் கேதாரத்துக்கு நடந்து போகவில்லை, காளத்தியில் (இன்றைய ஸ்ரீகாளஹஸ்தி) நின்றுதான் வடநாட்டுத் தலங்களைப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்வதை அம்மாதான் எனக்கு நினைவுபடுத்தினார். "அவருக்குப் போதும் என்றால் எனக்கும் போதும்" என்றார்.

சென்னையில் இறங்கி, காரில் காளத்தி போனோம். தரிசனம் முடிந்து கோயிலை ஒட்டிய நிழலான திண்ணை ஒன்றில் அம்மாவை உட்கார வைத்தோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சிராங்கூன் சாலைக் கடையில் வாங்கிய சிறிய தேவாரப் புத்தகத்தை மடியில் விரித்தார். "நீங்க மேலே போய்ட்டு வாங்க" என்றார். பக்கத்திலேயே கண்ணப்பர் மலை, சின்னக் குன்று. நானும் மகளும் ஏறினோம். மேலேயிருந்து பார்த்தால் கோபுரமும், அதையொட்டிப் பொன்முகலி ஆற்று மணலும் தெரிந்தன. கீழே இறங்கி வந்தபோது அம்மா பதிகத்தின் கடைசிப் பாட்டுக்கு வந்திருந்தார். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தோம்.